எஸ்.ஏ.டி. இலக்கணப் பகுதிக்குத் தனிப்பயிற்சி: எவ்வளவு தேவை, யாரிடம் பெறுவது

நியூ ஜெர்சியில் வசிக்கும் ஒரு தாயின் கேள்வி இது. பத்தாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகன், அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வான எஸ்.ஏ.டி.க்கு முன்னோட்டமாக எழுதும் பி.எஸ்.ஏ.டி. தேர்வில் கணிதத்தில் 700 மதிப்பெண்ணும், ‘வாசிப்பும் எழுத்தும்’ பகுதியில் 580 மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறான். அவன் பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசி வளர்ந்தவன். பள்ளியில் ஆங்கிலப் பாடத்தில் ‘ஏ’ வாங்குபவன். அப்படிப்பட்டவன் இலக்கணக் கேள்விகளில் ஏன் தடுமாறுகிறான், அருகிலுள்ள பயிற்சி நிலையம் விற்கும் 40 மணி நேரத் தொகுப்பில் அவனைச் சேர்ப்பதா, அல்லது தனியாக ஓர் ஆசிரியரை அமர்த்துவதா, ஏ.சி.டி. என்ற மற்றொரு கல்லூரிச் சேர்க்கைத் தேர்வுக்கு மாறலாமா என்று அவர் கேட்கிறார்.

40 மணி நேரம் தேவையில்லை என்பதே என் பதில். இலக்கணத்துக்கு நல்ல ஆசிரியர் ஒருவர் குறுகிய காலத்துக்குத் தேவைப்படலாம். ஆனால் அந்தப் பகுதியின் மற்றொரு பாதி வாசிப்பைச் சார்ந்தது; அதை மணிக்கணக்கில் காசு கொடுத்து வாங்க முடியாது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி விற்பதால்தான் பெற்றோருக்கு எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது தெரியாமல் போகிறது.

தேர்வின் அமைப்பை முதலில் பார்த்துவிடுவோம். 2024 மார்ச் முதல் அமெரிக்காவில் எஸ்.ஏ.டி. கணினியில், புளூபுக் என்ற செயலி வழியாக நடக்கிறது. வெளிநாடுகளில் ஓராண்டு முன்பே, 2023 மார்ச்சில், இந்த மாற்றம் வந்துவிட்டது. ‘வாசிப்பும் எழுத்தும்’ பகுதியில் மொத்தம் 54 கேள்விகள். அவை 27 கேள்விகள் கொண்ட இரு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் 32 நிமிடங்கள் தரப்படுகின்றன. ஒவ்வொரு கேள்விக்கும் 25 முதல் 150 சொற்கள் வரையிலான ஒரு சிறு பத்தி உண்டு. கேள்விகள் நான்கு வகைப்படும். சொற்பொருளும் பத்தியின் அமைப்பும் குறித்தவை முதலில் வரும். கருத்தும் சான்றும் குறித்தவை அடுத்து வரும். மூன்றாவதாக ஆங்கில மரபிலக்கணம், கடைசியாகக் கருத்து வெளிப்பாடு. இலக்கணக் கேள்விகள் 54-இல் ஏறத்தாழ 11 முதல் 15 வரை, கருத்து வெளிப்பாட்டுக் கேள்விகள் 8 முதல் 12 வரை இருக்கும். ஆகவே தனிப்பயிற்சியால் விரைவாக முன்னேறக்கூடிய பரப்பு இந்தப் பகுதியில் பாதிக்குச் சற்றுக் குறைவு. பெயரில் ‘எழுத்து’ இருந்தாலும் மாணவன் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை என்பது இந்தத் தேர்வின் வேடிக்கைகளில் ஒன்று. 2005-இல் கட்டாயமாக வந்த கட்டுரை, 2016-இல் விருப்பத் தேர்வாகச் சுருங்கி, 2021-இல் சில மாநிலங்களின் பள்ளிநாள் தேர்வுகள் தவிர மற்ற எல்லா இடங்களிலும் கைவிடப்பட்டது.

இலக்கணம் என்றவுடன் நம் ஊரில் படித்த பெற்றோருக்குச் செய்வினை, செயப்பாட்டுவினை, நேர்க்கூற்று, அயற்கூற்று, முன்னிடைச்சொல் ஆகியவை நினைவுக்கு வரும். அவற்றில் மகனை உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தால் அவனுக்கு எரிச்சல் வருமே தவிர மதிப்பெண் வராது. எஸ்.ஏ.டி. சோதிப்பது மிகக் குறுகிய ஒரு பட்டியலை. ஒரு வாக்கியம் எங்கே முடிகிறது, இரண்டு வாக்கியங்களை எந்தக் குறியால் இணைக்கலாம், இடைச்செருகலைத் திறந்த குறியாலேயே மூடியிருக்கிறார்களா, எழுவாயும் வினையும் எண்ணில் பொருந்துகின்றனவா, காலம் பொருந்துகிறதா, அடைத்தொடர் உரிய பெயரின் பக்கத்தில் நிற்கிறதா, பன்மைக்கும் உடைமைக்கும் அப்பாஸ்ட்ரஃபி சரியாக இடப்பட்டிருக்கிறதா என்பவைதாம் பெரும்பாலும் கேட்கப்படுகின்றன. பட்டியல் குறுகியது என்பதால்தான் இதற்குப் பயிற்சி பலன் தருகிறது.

அப்படியானால் ஆங்கிலத்திலேயே வளர்ந்த பிள்ளை ஏன் தவறுகிறான்? அவன் காதை நம்புகிறான். பேச்சில் எங்கே மூச்சு விடுகிறோமோ அங்கே காற்புள்ளி வைக்கிறான். எது பழகிய ஒலியாகப் படுகிறதோ அதைத் தேர்ந்தெடுக்கிறான். கேள்வி தயாரிப்பவர்கள் இதை நன்கு அறிந்தே தவறான விடைகளை அமைக்கிறார்கள். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே ஒரு நீண்ட தொடரைச் செருகி, வினைக்கு நேர் முன்னால் ஒரு பன்மைப் பெயரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ‘தி கலெக்‌ஷன் ஆஃப் லெட்டர்ஸ் தட் ஹிஸ்டோரியன்ஸ் ஃபவுண்ட் இன் தி ஆர்க்கைவ்ஸ்’ என்று படித்துவரும்போது, காதில் கடைசியாக விழுவது ‘ஆர்க்கைவ்ஸ்’. ஆகவே ‘வேர்’ என்பது இயல்பாக ஒலிக்கிறது. எழுவாய் ‘கலெக்‌ஷன்’ என்ற ஒருமை, எனவே ‘வாஸ்’ வர வேண்டும் என்பதைக் காது சொல்லாது. பள்ளியில் ‘ஏ’ வாங்குவதும் இதற்கு உதவாது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பலவற்றில் ஆங்கில வகுப்பு இலக்கியத்தையும் கட்டுரை வாதத்தையும் சுற்றியே நடக்கிறது. வாக்கிய இலக்கணம் முறையாகக் கற்பிக்கப்படுவது குறைவு.

ஒரு கேள்வியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ‘தி பாட்டனிஸ்ட்ஸ் எக்ஸ்பெக்டட் தி சீட்ஸ் டு ஸ்ப்ரவுட் வித்தின் எ வீக் ____ நன் டிட்’ என்று ஒரு வாக்கியம் இருப்பதாகக் கொள்வோம். கோடிட்ட இடத்துக்கு நான்கு விடைகள் தரப்பட்டுள்ளன: வெறும் காற்புள்ளி, இருபுறமும் காற்புள்ளியுடன் ‘ஹவெவர்’, முன்னால் அரைப்புள்ளியும் பின்னால் காற்புள்ளியும் கொண்ட ‘ஹவெவர்’, எந்தக் குறியும் இல்லாத ‘ஹவெவர்’. பிள்ளைகளில் பலர் இரண்டாவதைத் தொடுவார்கள், ஏனென்றால் அந்தச் சொல்லின் இருபுறமும் பேச்சில் ஓர் இடைவெளி கேட்கிறது. நல்ல ஆசிரியர் இந்த இடத்தில் விடையைச் சொல்ல மாட்டார். விடைகளைக் கையால் மறைக்கச் சொல்லிவிட்டு, இடதுபக்கத்தில் வினைமுற்று எது, அதன் எழுவாய் எது என்று கேட்பார். பிறகு வலதுபக்கத்திலும் அதையே கேட்பார். இடப்புறம் ‘பாட்டனிஸ்ட்ஸ் எக்ஸ்பெக்டட்’, வலப்புறம் ‘நன் டிட்’ என்று இரண்டு பக்கமும் தனித்து நிற்கக்கூடிய முழு வாக்கியங்கள் என்று மாணவன் தானே சொன்ன பிறகு, வெறும் காற்புள்ளியால் அவற்றைத் தாங்க முடியாது என்ற விதி வரும். அடுத்து, ‘ஹவெவர்’ என்பது ‘பட்’ போல இணைக்கும் சொல் அன்று, பொருளை மட்டும் திருப்பும் சொல் என்பது வரும். மூன்றாவது விடை மட்டுமே மிஞ்சும்.

இதே சொல்லை வைத்து இன்னும் கடினமான ஒரு கேள்வியும் உண்டு. 700-ஐத் தாண்ட நினைக்கும் மாணவர்கள் இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். முதல் வாக்கியம் ‘விமர்சகர்கள் அந்த நாவலை ஒதுக்கினார்கள்’ என்று முடிகிறது. அடுத்த வாக்கியம் ‘வாசகர்கள் அதை வரவேற்றார்கள்’ என்று தொடங்கி, அதன்பின் ‘ஓராண்டுக்குள் மூன்று பதிப்புகள் விற்றுத் தீர்ந்தன’ என்று நீள்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ‘ஹவெவர்’ வர வேண்டும் என்றால், அரைப்புள்ளி அதற்கு முன்னாலா, பின்னாலா? முரண்பாடு வாசகர்களுக்கும் முந்தைய வாக்கியத்து விமர்சகர்களுக்கும் இடையில்தான் இருக்கிறது. வரவேற்புக்கும் விற்பனைக்கும் இடையில் எந்த முரணும் இல்லை. எனவே அந்தச் சொல் இடப்பக்கத்தைச் சேர்ந்தது, அரைப்புள்ளி அதற்குப் பின்னால் வர வேண்டும். ‘ஹவெவருக்கு முன்னால் அரைப்புள்ளி’ என்று மனப்பாடம் செய்த மாணவன் இங்கே விழுவான். விதியைச் சொல்லிக்கொடுப்பவருக்கும் வாக்கியத்தைப் படிக்கக் கற்றுக்கொடுப்பவருக்கும் உள்ள வேறுபாடு இத்தகைய கேள்வியில் வெளிப்பட்டுவிடும்.

அடைத்தொடர்க் கேள்விக்கு நம்மவரையே எடுத்துக்கொள்ளலாம். ‘பார்ன் இன் ஈரோடு இன் 1887, ராமானுஜன்ஸ் நோட்புக்ஸ்...’ என்று தொடங்கும் வாக்கியத்தை ஆங்கில இலக்கணம் ஏற்காது. காற்புள்ளியை அடுத்து நிற்கும் பெயரே அந்த அடையைப் பெற வேண்டும் என்பதால், ஈரோட்டில் பிறந்தவை நோட்டுப் புத்தகங்கள் என்றாகிவிடும். வீட்டில் உதவ விரும்பும் பெற்றோருக்கு இதில் ஒரு வசதி உண்டு. ‘முற்று’, ‘எச்சம்’ என்ற பாகுபாட்டைத் தமிழ் வகுப்பில் படித்தவர்கள் நாம். முற்று இல்லாமல் எச்சத்தோடு நிற்பது வாக்கியமாகாது என்பது நமக்குத் தெரியும். ஆங்கிலத்தில் ‘இங்’ ஈற்றோடு தனித்து நிற்கும் வடிவமும், ‘டு’ முன்னே வரும் வடிவமும் முற்றாகா என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால், வாக்கிய எல்லைக் கேள்விகளில் ஒரு பகுதியைச் சாப்பாட்டு மேசையிலேயே தீர்த்துவிடலாம். வார இறுதியில் தமிழ்ப் பள்ளிக்குப் போகும் பிள்ளையாக இருந்தால் அந்தச் சொற்கள் அவனுக்கும் புதியவை அல்ல.

கருத்து வெளிப்பாட்டுப் பகுதியில் இரண்டே வகைக் கேள்விகள். ஒன்று இணைப்புச் சொல். இரண்டு வாக்கியங்களுக்கு இடையே உள்ள உறவு காரணமா, முரணா, எடுத்துக்காட்டா, தொடர்ச்சியா என்பதை விடைகளைப் பார்க்கும் முன்பே மாணவன் தன் சொற்களில் சொல்லிப் பழக வேண்டும். மற்றொன்றில், ஒரு மாணவர் எடுத்த குறிப்புகள் என்று சில வரிகளைத் தந்து, குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்கு ஏற்ற வாக்கியம் எது என்று கேட்பார்கள். நான்கு விடைகளும் உண்மைத் தகவலாகவும் இலக்கணப் பிழையற்றும் இருக்கும். நோக்கத்தை நிறைவேற்றுவது ஒன்றே ஒன்று. கேள்வியில் உள்ள நோக்கத்தை முதலில் படித்தால் பெரும்பாலும் குறிப்புகளை முழுவதும் படிக்காமலே விடை கிடைக்கும். இதற்கு ஒரு வகுப்புக்கு மேல் செலவிடும் ஆசிரியர் உங்கள் பணத்தைக் கரைக்கிறார் என்றே சொல்வேன்.

பயிற்சிக்கு எத்தனை மணி நேரம் என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் மகனைப் போன்ற மாணவனுக்கு இலக்கணமும் கருத்து வெளிப்பாடும் சேர்த்து, வாரம் ஒன்றாக, 8 முதல் 10 ஒரு மணி நேர வகுப்புகள் போதும் என்பது என் மதிப்பீடு. ஆனால் வகுப்புகளுக்கு இடையே அவன் இரண்டு மூன்று முறை, இருபது இருபது நிமிடங்கள் தானே உட்கார வேண்டும். அந்த நேரத்தில் புதுக் கேள்விகளைக் குவிப்பதைவிட, பிழைக் குறிப்பேடு ஒன்றை வைத்துக்கொள்வது மேல். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் எந்த விடையைத் தொட்டேன், அப்போது என்ன நினைத்தேன், உண்மையான விதி எது என்று எழுதி, அதே அமைப்பில் சொந்தமாக ஒரு வாக்கியமும் எழுத வேண்டும். ‘என்ன நினைத்தேன்’ என்ற பத்தியைத்தான் பிள்ளைகள் தவிர்க்கப் பார்ப்பார்கள். ஆசிரியருக்கு மிகவும் பயன்படுவதும் அதுதான். சில வாரங்களில் பிழைகள் மூன்று நான்கு வகைகளுக்குள் அடங்குவது தெரியும், அதன்பின் வகுப்பின் நேரம் அவற்றுக்கு மட்டும் செலவாகும்.

‘200 மதிப்பெண் கூடும், உத்தரவாதம்’ என்று விளம்பரம் செய்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர்களின் தேசியச் சங்கம் 2009-இல் வெளியிட்ட அறிக்கையில், டெரெக் பிரிக்ஸ் என்ற ஆய்வாளர் அதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பயிற்சியினால் மட்டும் கூடும் மதிப்பெண் சராசரியாகக் கணிதத்தில் 10 முதல் 20, வாசிப்பில் 5 முதல் 10 என்ற அளவிலேயே இருக்கிறது என்று காட்டினார். அது பழைய வடிவத் தேர்வு. சராசரி என்பதால் தனி மாணவனுக்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் விளம்பரத்துக்கும் ஆய்வுக்கும் உள்ள தொலைவைப் பாருங்கள். பயிற்சி பெறாத மாணவனுக்கும் ஓராண்டில் வயதாலும் வாசிப்பாலும் இரண்டாம் முறை எழுதும் பழக்கத்தாலும் சில மதிப்பெண்கள் கூடத்தான் செய்யும். நிலையங்கள் அதையும் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்கின்றன. உத்தரவாதத்தை நம்பிச் சேர்வதாக இருந்தால், தொடக்க மதிப்பெண்ணாக எதை வைக்கிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். நிலையம் தானே தயாரித்த கடினமான தேர்வை முதலில் வைத்தால், தொடக்கம் தாழ்ந்து முன்னேற்றம் பெரிதாகத் தெரியும். புளூபுக் செயலியில் உள்ள அதிகாரபூர்வ மாதிரித் தேர்வு மட்டுமே அளவுகோலாக இருக்க வேண்டும்.

ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை போதும். உங்கள் மகன் தவறாக விடையளித்த இலக்கணக் கேள்வி ஒன்றை எடுத்துச் சென்று, முதல் சந்திப்பில் அவனுக்கு விளக்கச் சொல்லுங்கள். ‘இது கேட்கச் சரியாக இல்லை’ என்றோ ‘இது கொஞ்சம் நெருடலாக இருக்கிறது’ என்றோ சொல்பவர் வேண்டாம். ஏற்கெனவே அவனை ஏமாற்றிய காதையே அவர் மறுபடி நம்பச் சொல்கிறார். மற்ற மூன்று விடைகளும் ஏன் தவறு என்பதை விதியோடு சொல்பவர், அதைவிட, அவனையே சொல்ல வைப்பவர் கிடைத்தால் அமர்த்திக்கொள்ளுங்கள். அவர் எந்தக் கல்லூரியில் படித்தார், தான் எழுதியபோது 1600-க்கு எவ்வளவு வாங்கினார் என்பவற்றுக்கு நான் அவ்வளவு மதிப்புக் கொடுப்பதில்லை. இயல்பாகவே முழு மதிப்பெண் வாங்கியவர்களில் பலருக்குத் தாங்கள் எப்படி விடை கண்டார்கள் என்பதை எடுத்துச் சொல்லத் தெரிவதில்லை.

பணம் கட்டும் முன் இலவசமாகக் கிடைப்பவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பி.எஸ்.ஏ.டி. மதிப்பெண் அறிக்கையிலேயே மேற்சொன்ன நான்கு வகைகளிலும் அவன் எங்கே நிற்கிறான் என்பது தனித்தனியாகக் காட்டப்பட்டிருக்கும். இலக்கண வகையில் தாழ்ந்திருந்தால் ஆசிரியர் உதவுவார். முதல் இரண்டு வகைகளில் தாழ்ந்திருந்தால் அவனுக்குத் தேவை நாள்தோறும் அடர்த்தியான உரைநடை வாசிப்பு. இணையவழிக் கல்வி நிறுவனமான கான் அகாடமி 2015 முதல், எஸ்.ஏ.டி. தேர்வை நடத்தும் கல்லூரி வாரியத்துடன் (காலேஜ் போர்டு) சேர்ந்து இலவசப் பயிற்சி தருகிறது. வாரியத்தின் கேள்வி வங்கியில் இலக்கணக் கேள்விகளை மட்டும், கடினத்தின் அளவு வாரியாகப் பிரித்தெடுத்துக்கொள்ள முடியும். புளூபுக் மாதிரித் தேர்வுகளை மட்டும் சிக்கனமாகச் செலவிடுங்கள். அவை எண்ணிக்கையில் குறைவு, ஒருமுறை பார்த்த கேள்வி அளவுகோலாகப் பயன்படாது. உறவினர் பிள்ளைகள் விட்டுச்சென்ற பழைய வழிகாட்டி நூல்களில் நிறுத்தக்குறி விதிகள் செல்லும். ஆனால் 2016 முதல் 2023 வரையிலான நூல்களில் நீண்ட பத்திகளும் ‘மாற்றம் தேவையில்லை’ என்ற விடையும் இருக்கும், அதற்கும் முந்தைய நூல்களில் மரபுத்தொடர்ப் பிழை காணும் கேள்விகள் மலிந்திருக்கும். இன்றைய தேர்வுக்கு அவை வீண் வேலை.

நேரப் பங்கீட்டையும் ஆசிரியர் சொல்லித்தர வேண்டும். 32 நிமிடங்களில் 27 கேள்விகள் என்றால், ஒன்றுக்கு ஏறத்தாழ 71 விநாடிகள். விதிகள் கைவந்த மாணவன் இலக்கணக் கேள்வியை அதில் பாதி நேரத்தில் முடித்துவிட்டு, மிச்சத்தை வாசிப்புக் கேள்விகளுக்குத் தரலாம். இலக்கணப் பயிற்சி வாசிப்பு மதிப்பெண்ணையும் சற்று உயர்த்துவது இந்த வழியில்தான். தொகுதிக்குள் முன்னும் பின்னும் போய்வர அனுமதி உண்டு என்பதால், சிலர் பின்பாதியில் உள்ள இலக்கணத்தை முதலில் முடிக்கிறார்கள். இது எல்லோருக்கும் ஒத்துவராது, மாதிரித் தேர்வில் இரு வழிகளையும் பார்த்துவிட்டு அவனே முடிவு செய்யட்டும். முதல் தொகுதியில் அவன் செய்வதைப் பொறுத்தே இரண்டாவது தொகுதி கடினமானதா எளியதா என்று தீர்மானிக்கப்படுகிறது; எளிய தொகுதிக்குப் போனால் எட்டக்கூடிய உச்ச மதிப்பெண்ணும் குறைந்துவிடும். அதனால் முதல் தொகுதியில் எளிய இலக்கணக் கேள்விகளை அவசரத்தில் இழப்பது இரட்டை இழப்பு. தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை, ஆகவே எதையும் வெறுமையாக விடக் கூடாது.

நம் குடும்பங்களில் கணிதத்துக்கே மேலும் மேலும் பயிற்சி கொடுக்கும் பழக்கம் இருப்பதால், ஒரு கணக்கைச் சொல்கிறேன். பதினோராம் வகுப்பு அக்டோபரில் எழுதும் பி.எஸ்.ஏ.டி. தேர்வே தேசிய மெரிட் உதவித்தொகைக்கான வாயில். அதற்கான தேர்வுக் குறியீட்டில் ‘வாசிப்பும் எழுத்தும்’ மதிப்பெண்ணை இரட்டித்து, கணித மதிப்பெண்ணைக் கூட்டி, பத்தால் வகுக்கிறார்கள். உங்கள் மகனுடைய 580-க்கும் 700-க்கும் குறியீடு 186. கணிதத்தில் 30 கூட்டினால் 189 ஆகும். அதே 30-ஐ மொழிப் பகுதியில் கூட்டினால் 192 ஆகும். (இந்த உதவித்தொகைக்கான குடியுரிமை நிபந்தனை இப்போது வெளிநாட்டில் உயர்நிலைப் பள்ளியில் படிப்பவர்களுக்கே உண்டு, இருந்தாலும் எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தினருக்கான விசா) இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.)

ஏ.சி.டி. தேர்வுக்கு மாறலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2025-இல் சுருக்கப்பட்ட அதன் புதிய வடிவத்தில், ஆங்கிலப் பகுதியில் 35 நிமிடங்களுக்கு 50 கேள்விகள். ஒரு கேள்விக்கு 42 விநாடிகள்தாம். நீண்ட பத்திகளில் அடிக்கோடிட்ட பகுதிகளைத் திருத்தச் சொல்வார்கள். நிறுத்தக்குறி விதிகள் ஏறக்குறைய அவையே, கூடுதலாகச் சொற்சிக்கனத்தையும் கூறியது கூறலையும் அதிகம் சோதிப்பார்கள். அங்கே ஆங்கிலம் தனி மதிப்பெண்ணாக வந்து, கணிதம், வாசிப்பு ஆகியவற்றோடு சராசரியில் சேர்வதால், இலக்கணத்தில் வலுவானவனுக்கு அது சாதகம். உங்கள் மகன் இப்போது அந்த நிலையில் இல்லை. எட்டு வகுப்புகளுக்குப் பிறகு ஒரு முழு ஏ.சி.டி. மாதிரித் தேர்வு எழுதிப் பார்க்கட்டும். அதற்கு முன் இரண்டு தேர்வுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டாம். அதே தொகுப்பில் கல்லூரி விண்ணப்பக் கட்டுரைக்கான உதவியையும் சேர்த்து விற்றால் அதைப் பிரித்துவிடச் சொல்லுங்கள். விண்ணப்பக் கட்டுரைக்கான பருவம் பதினோராம் வகுப்பு முடிந்த கோடையில்தான் தொடங்கும், அது வேறு திறமை, பெரும்பாலும் வேறு ஆசிரியரின் வேலை.